பின்பலகையும் அந்தப் படமும்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். கிங்ஸ்டனில் ஒரு பழைய விசைப்படகு வாங்கியிருக்கிறாய் என்றும், எஞ்சின் தொங்கும் பின்பலகை ஊறிப்போயிருக்கிறது, என்ன செய்யலாம் என்றும் கேட்டாய். மற்றதை, நான் அரிசி களைந்துகொண்டு நின்றபோது, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னாய். "அப்பா, அந்தப் படத்த மாமாவிட பொக்கற்றுக்குள்ள வச்சது நான்தான். உங்களுக்குத் தெரியுமோ தெரியாது." அதற்கு நான் சொன்ன மறுமொழி உனக்கு நினைவிருக்கும். "முதல்ல தார்ப்பாயைக் கழட்டு, மரத்துக்குக் காத்துப் படட்டும்" என்றேன். அடுப்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. அந்த அரிசியையும் அன்று சமைக்கவில்லை.

அதன் பிறகு நாலு தடவை உன் இலக்கத்தை அழுத்தப் போய் விட்டுவிட்டேன். வாயால் சொல்ல வராது எனக்கு, உனக்கும் அது தெரியும். ஆகவே எழுதுகிறேன். உன் அம்மா கண்ணை மூடிய இந்த மூன்று வருடத்தில் இந்த மேசையில் வரிப் படிவம் தவிர வேறொன்றையும் நான் எழுதியதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது உன் மாமாவைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவன் சட்டைப் பொக்கற்றில் நான் இங்கிருந்து அனுப்பிய படம் ஒன்று இருந்தது. அவன் திரும்பி வரவில்லை. இவ்வளவும் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தை வைத்தவன் நீதான் என்று நாற்பது வருடமாக நீ தனியே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதற்கு மறுமொழி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் படகு வழியாகத்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும். நேராக வர எனக்குத் துணிவில்லை.

பின்பலகையைச் சொல்கிறேன். ஒரு சின்னச் சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டு போ. நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். ஊறிய இடம் மந்தமாக, ஈரச் சாக்கைத் தட்டினாற்போல் கேட்கும். சந்தேகம் வந்தால் உட்பக்கத்தில் மெல்லிய துளை ஒன்று போடு. வரும் தூள் வெள்ளையாக, காய்ந்து இருந்தால் தப்பினாய். கறுத்து, பிசைந்த தேயிலை மாதிரி வந்தால் முழு மரத்தையும் எடுக்கத்தான் வேண்டும். அரைவாசி எடுத்து அரைவாசி விடுகிற கெட்டித்தனமெல்லாம் வேண்டாம். வெளிப்பக்கத்துப் பைபர்கிளாஸ் தோலில் கை வையாதே. உட்பக்கத் தோலை வெட்டி, மரத்தைக் கிண்டி எடுத்து, வெளித்தோல் எலும்பாகக் காயும்வரை விட்டுவிடு. இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம். உனக்கு என் அவசரக் குணம் வந்திருக்கிறது, அதனால்தான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. திருகோணமலையில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறையில் ஏழு வருடம் வேலை செய்தவன் உன் அப்பன். உனக்கு அப்பாவைத் தெரிந்ததெல்லாம் டவுன்டவுன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி, பிறகு அதே குசினியில் மரக்கறி வெட்டி, கடைசியில் முதுகு பிடித்து வீட்டில் இருந்த ஆளாகத்தான். நான் மொன்றியல் வந்தபோது உனக்கு மூன்று வயது. வில்லரேயில் இரண்டு அறை வீடொன்றில் ஐந்து ஆம்பிளைகள் இருந்தோம். ஒருவன் வேலைக்குப் போக எழும்பும்போது மற்றவன் அதே மெத்தையில் படுப்பான். ஐந்து பேர் இருந்த வீடு என்கிறேனே, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைக்க ஆளில்லை. எல்லோருக்கும் நித்திரைதான் வேண்டியிருந்தது. அகதி விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூப்பிட்டு, ஓம் என்று சொன்னால்தான் உங்களை இங்கே எடுக்கலாம். அதுவரை நான் கோப்பைகளோடுதான் கதைத்தேன். மெய்யாகவே கதைத்தேன். பக்கத்தில் நின்ற ஹெயிட்டிக்காரன் ஒருநாள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டான்.

லீவு நாளில் வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று பஸ் ஏறி எங்கேயாவது போய் நடப்பேன். அப்படித்தான் ஒரு சித்திரை மாதம், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்தபோது, கார்ட்டியர்வில் பக்கம் ஆற்றங்கரைத் தெருவில் போனேன். ஒரு வீட்டின் பக்கத்து வளவில் இழுவை வண்டியின் மேல் பதினெட்டு அடிப் படகு ஒன்று நின்றது. தார்ப்பாய் கிழிந்து, உள்ளே அழுகிய இலை நிறைந்து கிடந்தது. நான் இரண்டு வருடமாகப் படகைத் தொடவில்லை. என்னை அறியாமல் வளவுக்குள் போய், பின்பலகையில் விரல் முட்டியால் தட்டினேன். மேலே ஜன்னல் திறந்து ஒரு கிழவன் பிரெஞ்சில் கத்தினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, போ என்கிறான் என்பது மட்டும் விளங்கியது. ஆனால் போகாமல் இன்னும் ஒரு தடவை தட்டி, தலையை ஆட்டி, "பிழை, முழுக்கப் பிழை" என்று தமிழில் சொன்னேன். அந்த ஆள் இறங்கி வந்தார். தானும் தட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் பெயர் லூசியன். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பைபர்கிளாஸ் பற்றி மருந்துக்கும் தெரியாது.

அந்தக் கோடை முழுக்க, லீவு நாளெல்லாம் அங்கேதான். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு இருபது ஆங்கிலச் சொல் இருந்திருக்கும். அது போதுமாயிருந்தது. மத்தியானம் அவர் பட்டாணிச் சூப் தருவார், நான் அதற்குள் பையில் கொண்டுபோன மிளகாய்த்தூளைக் கொட்டிக் குடிப்பேன், அவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். யாரோ ஒரு மனிசன் எனக்காக ஒரு கோப்பையைக் கழுவி எடுத்து வைக்கிறான் என்பதே அப்போது எனக்குப் பெரிய காரியம். ஆனால் வேலையில் ஒரு பெரிய பிழை செய்தேன். சரியான ஒழுங்கு எது என்று தெரிந்துகொண்டே செய்தேன். உள்ளே மரம் ஊறிக் கிடக்க, நான் வெளிப்பக்கத்து வேலையை முதலில் எடுத்தேன். கீறல்களை நிரப்பி, தேய்த்து, வெள்ளையும் நீலமுமாகப் பூசி, மினுக்கி, முகம் பார்க்கலாம் போல் ஆக்கினேன். லூசியன் பின்பலகையைக் காட்டி "இது எப்போ?" என்று கேட்பார். பிறகு, பிறகு என்பேன். எனக்கு அவசரமாக ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது.

உனக்கு இது விளங்காது, விளங்கத் தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே இருந்த எங்கட பெடியள் எல்லோரும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்தவனின் காரில் சாய்ந்துகொண்டு, அடுத்தவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு. ஒரே கோட் எங்கள் வீட்டில் ஐந்து பேரின் படத்திலும் இருக்கிறது. கோப்பை கழுவுகிறேன் என்று ஒருவனும் எழுதவில்லை. நான் உன் அம்மாவுக்குப் படகுக் கொம்பனியில் வேலை என்று எழுதியிருந்தேன். எழுதிய பொய்க்கு ஒரு சாட்சி வேண்டாமா? லூசியனின் கமராவை அவரிடமே கொடுத்து, படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றேன். கீழே இழுவை வண்டியின் சில்லுத் தெரியாமல் எடுங்கோ என்று கையால் காட்டினேன். அந்த மனிசன் சிரித்துக்கொண்டு எடுத்தார். அதை அப்படியே ஆற்றில் இறக்கியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் எஞ்சினோடு பின்பலகை கழன்று ஆற்றின் அடியில் கிடந்திருக்கும். அதன் மேல் நின்று நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டேனா? படத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். இதுதான் உனக்குத் தெரியாதது. நீ அப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவன். "மச்சான், இது என்ர படகு. எழுபது குதிரைவலு. நேவிக்காரன் வந்தாலும் இதைப் பிடிக்கேலாது." உன் மாமாவுக்காக எழுதிய பகிடி. அவனும் நானும் கடற்கரையில் இருந்து எந்த வள்ளம் எதை முந்தும் என்று மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள். அவன் ஆசிரியர் வேலை கிடைத்த புதிது, இருபத்திரண்டு வயது, எதற்கும் சிரிக்கிற ஆள். இங்கே குளிரில் இருந்துகொண்டு அவனை ஒரு தடவை சிரிக்கவைக்க ஆசைப்பட்டேன். கொஞ்சம் பெரிய எஞ்சின் வைத்திருந்தாலே கூப்பிட்டு விசாரிக்கிற கடற்கரைக்கு, பெரிய எஞ்சினோடு ஒரு படகின் படத்தை அனுப்பி, அதில் இந்த வசனத்தையும் என் கையால் எழுதி முத்திரை ஒட்டினேன். மூளை இருக்கிறவன் செய்கிற வேலையா? இரண்டே வருடத்தில் எனக்கு அந்தப் பயம் மறந்துபோயிருந்தது. அதற்கு மேல் நியாயம் சொல்ல ஒன்றும் இல்லை.

பெற்றோல் தாங்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அங்கே வந்து பார்க்குமுன் நீ அதைத் தொட்டுவிடுவாய். உன் படகில் அது தரைக்கு அடியில், நுரைக்குள் புதைந்து இருக்கும். மேலே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். அந்த நுரை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அடிப்பக்கம் அரித்துப் போயிருக்கும். மூக்கை நம்பு. தரையைத் திறந்ததும் மணம் வந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். எல்லாவற்றையும் திறந்து விட்டுவிட்டு வீட்டுக்குள் போ. பட்டரியைக் கழற்று. மின்சாரத் துளைகருவி, விளக்கு, சிகரெட் ஒன்றும் கிட்ட வரக்கூடாது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்க நினையாதே. புதுத் தாங்கி, புதுக் குழாய். லூசியனும் நானும் அந்த இலையுதிர் காலத்தில் அதைக் கிளப்பி எடுத்தபோது அடியில் என் சுண்டுவிரல் போகிற ஓட்டை இருந்தது. நான் அந்தப் படத்துக்கு நின்றபோது பெற்றோல் காலுக்குக் கீழே கசிந்துகொண்டு இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் உன் அம்மாவின் கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. நீ சுகம், தான் சுகம், தன் தம்பி ஊரில் இல்லை, இனிமேல் படம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான். 'தம்பி ஊரில் இல்லை' என்றதை நான் அவன் இந்தியாவுக்கோ எங்கேயோ போய்விட்டான் என்று எடுத்தேன். அப்படி எத்தனையோ பேர் போன காலம். கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள், அதனால் அவள் ஒன்றையும் எழுதமுடியாது என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 'படம் அனுப்ப வேண்டாம்' மட்டும்தான் கண்ணில் நின்றது. நான் இங்கே நாயாகக் கிடந்து உழைக்கிறேன், என் முகம்கூட இவளுக்கு வேண்டாமாம் என்று எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் அந்த மாரிக் குளிர் முழுக்க அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. நாலரை மாதம். அந்த நாலரை மாதமும் அவள் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆமி முகாம் வாசலில் நின்றிருக்கிறாள். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது.

அடுத்த வருடம் பனி கரைந்ததும் லூசியனும் நானும் பின்பலகையைச் சரியான முறையில் செய்தோம். நீயும் அப்படியே செய். நல்ல மரைன் பிளைவுட் இரண்டு, வெட்டி, ரெசின் பசை பூசி ஒன்றோடொன்று ஒட்டி, வெளித்தோலோடு இடைவெளி இல்லாமல் இறுக்கு. மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக நிரப்பிவிட்டு அதன் மேல் பைபர் இழைப் பாயை மூன்று நாலு அடுக்கு போடு. ரெசினில் கடினமாக்கியைக் கலந்தால் அது உனக்காகக் காத்திராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல. எஞ்சின் பூட்டும் ஆணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் திரும்பத் துளைக்க வேண்டும். அப்போது தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. இதைச் செய்யாமல் விட்டதால்தான் முதல் மரம் ஊறியது. படகின் அடிவயிறும் அப்படித்தான். தரைக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் எத்தனையோ வருடத்துக் கறுப்பு எண்ணெய்ச் சேறு இருக்கும். வழித்து, கழுவி, கைவிளக்கைப் பிடித்துக் குறுக்குக் கட்டைகளின் அடியில் தண்ணீர் ஓடுகிற சின்ன ஓட்டைகளைத் தேடு. அவை அடைபட்டால் எவ்வளவு நல்ல பம்ப் பூட்டினாலும் தண்ணீர் அதனிடம் வந்து சேராது. நான் மூன்று நாள் அந்தப் பள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தேன். சந்தோசமாகக் கிடந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனியில் படகை ஆற்றில் இறக்கினோம். லூசியன் என்னையே ஓட்டச் சொன்னார். நான் வேகமாக விட்டு, தண்ணீர் முகத்தில் அடிக்க, கடற்கரைப் பெடியன் மாதிரி ஊளையிட்டேன். உன் மாமா இல்லாமல் அப்போது பத்து மாதம். எனக்குத் தெரியாது. தெரியாதுதான். ஆனாலும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் வந்தீர்கள். உனக்கு எட்டு வயது. விமான நிலையத்தில் நீ என்னிடம் வராமல் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாய். நான் அதைப் பயம் என்று நினைத்தேன். வந்த அதே கிழமை, நீ பக்கத்து அறையில் நித்திரை, உன் அம்மா குசினியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அதே பஸ்ஸில் வந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திதான் வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். பொக்கற்றைச் சோதித்து, படத்தை எடுத்துப் பார்த்து, முதலில் திருப்பிக் கொடுக்கத்தான் போனார்களாம். "என்ர அத்தான், கனடாவில இருக்கிறார்" என்று அவன் பெருமையாகச் சொன்னானாம். பிறகு ஒருவன் பின்பக்கத்தைத் திருப்பியிருக்கிறான். தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இறக்கினார்கள். அந்தப் பெண் சொன்னதை நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்க வேண்டும். 'படம்', 'பொக்கற்' என்பது மட்டும் உனக்கு விளங்கியிருக்கும். பின்பக்கத்தை யார் எழுதினார்கள் என்று ஐந்து வயதுப் பிள்ளை எப்படி யோசிக்கும்?

அந்த இரவுக்குப் பிறகு நான் லூசியன் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர் இரண்டு தடவை வந்து கீழே மணி அடித்தார். உன் அம்மாவையும் உன்னையும் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தவர். நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவரில் ஒரு குற்றமும் இல்லை, படம் எடு என்றேன், எடுத்தார். ஆனால் அவரைப் பார்த்தால் அந்தப் படகைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவர்தான். பிறகு நான் யாரையும் தேடவில்லை. இப்போது கார்ட்டியர்வில்லில்தான் இருக்கிறேன், அந்தத் தெரு பத்து நிமிட நடை. இங்கே குடிவந்து இருபது வருடம், ஒரு நாளும் அதற்குள் கால் வைத்ததில்லை.

உன்னிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. நீ வந்த முதல் வருடம், பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுத்த நாள், நீ நிற்கமாட்டேன் என்று கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய். ஆசிரியை கூப்பிட்டார், எனக்கு அன்றைய சம்பளம் போயிற்று, வீட்டுக்கு வந்து உனக்கு அடித்தேன். "ஒரு படத்துக்கு நிண்டா செத்தா போவாய்?" என்று கேட்டேன். நான் கேட்ட சொற்கள் இவைதான். நீ என்னையே பார்த்தாய். உன் அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ ஏன் பார்த்தாய் என்று தெரியவில்லை. பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டினேன். உன் கலியாணப் படத்திலும் நீ கமராவைப் பார்க்கவில்லை. அதையும் குறையாகத்தான் சொன்னேன். நான் பட்டறையில் மரத்தைத் தட்டிப் பார்த்த அளவுக்குக்கூட என் பிள்ளையைத் தட்டிப் பார்க்கவில்லை, ராசா. என்னை மன்னித்துக்கொள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதைச் சொல்லமாட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கையைப் பிடித்துத் திரும்ப ஒரு தடவை வாங்கினாள். இன்றைக்கு அதை முறிக்கிறேன்.

நீ படத்தை மாமாவின் பொக்கற்றுக்குள் வைத்தாய், உண்மைதான். அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அந்தச் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது படம் கையில் வந்தது. பின்பக்கத்தை அப்போதுதான் வாசித்து, பயந்து, எடுத்துக்கொண்டுபோய் அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நீ வைத்த படம் அவனோடு போகவேயில்லை. திங்கள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிறது, அவன் தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு படியில் நின்று கேட்டிருக்கிறான். "தா அக்கா, பள்ளிக்கூடத்தில காட்டிப்போட்டு வாறன்." அவள் வேண்டாம் என்றாளாம். "ஒரு நாளைக்குத்தானே அக்கா" என்று சிரித்தானாம். அவள் போய் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். குசினியில் நின்று இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "அவன்ர முகத்தைப் பாத்தனான், ஏலாமப் போச்சு. நான்தான் குடுத்தனான். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்னை வெறுத்திடுவான்" என்றாள். நீ அப்போது வேலிக்கரையில் கோழிக் குஞ்சோடு விளையாடிக்கொண்டு இருந்தாயாம். அவன் போகும்போது உன் தலையைத் தடவிவிட்டுப் போனானாம். அவன் போனதை மட்டும்தான் நீ பார்த்திருக்கிறாய், அம்மா எடுத்ததையும் கொடுத்ததையும் பார்க்கவில்லை. பொக்கற்றில் இருந்தது நீ வைத்தது என்று நீயாக நினைத்துக்கொண்டாய்.

அவனைக் கொண்டுபோனவர்கள் இதற்காக ஒரு நாளாவது நித்திரை இல்லாமல் கிடந்திருப்பார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பேரும்தான் கிடந்தோம். இரண்டு அறை வீட்டில், ஒரே மேசையில் சோறு தின்றுகொண்டு, அவள் கொடுத்தவள் தான் என்றும், நான் எழுதியவன் நான் என்றும், நீ வைத்தவன் நீ என்றும். நீ இதைச் சுமக்கிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் எட்டு வயதிலேயே உன்னை மடியில் இருத்திச் சொல்லியிருப்பாள். நீ அவளை வெறுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் சத்தியத்தை முறிக்கிறேன். அவளிடம் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிங்ஸ்டனுக்கு வரும் பஸ்ஸில் இடம் எடுத்துவிட்டேன். பின்னேரம் வந்து சேருவேன். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்திருக்கும். நமக்கு இருக்கிற குணத்துக்கு, நான் வந்ததும் நீ பையை வாங்கி வைத்துவிட்டு, "வாங்கோ அப்பா, படகைப் பாப்பம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போவாய். நானும் பின்னால் வந்து, தட்டிப் பார்த்து, பிழை பிடித்து, இருட்டும்வரை அதற்குள்ளேயே நின்றுவிடுவேன். அப்படிச் செய்யவேண்டாம். இரண்டு கதிரையை எடுத்துப் போடு. உன் மாமா எப்படிச் சிரிப்பான் என்று உனக்கு ஞாபகம் இருப்பதை நீ சொல், எனக்கு ஞாபகம் இருப்பதை நான் சொல்கிறேன். அவனைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

அப்பா